பக்கம் அறுபத்தொன்றும் கடிதம் இருநூற்றுப் பதினான்கும்

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தின் பழைய ஊழியர்களுக்கு ஒரு மதிய விருந்து வைத்தார்கள். நாற்பது பேரை அழைத்ததாகச் சொன்னார்கள். நான் எண்ணிப் பார்த்தபோது முப்பத்தொரு பேர்தான் இருந்தோம். அவர்களில் ஒன்பது பேர் கையில் ஊன்றுகோல். மண்டபத்து மின்விசிறிகள் ஆறில் இரண்டு சுழலவில்லை. என்னை உட்கார வைத்தது அந்த இரண்டில் ஒன்றின் கீழே. சொன்னால் இந்த வயதிலும் குறை சொல்கிறான் என்பார்களே என்று கைக்குட்டையால் விசிறிக்கொண்டேன்.

என் மேசையில் இப்போது பணியில் இருக்கும் எழுத்தர்கள் இருவர் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தேவிகா என்ற பெண் என்னிடம் சற்று நேரம் பேசினாள். மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்களாம். குறிப்பு எழுத ஒரு மென்பொருள், மின்னஞ்சலில் வரும் வேலைகளுக்கு ஒரு பட்டியல், இரண்டையும் இணைத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பயிற்சி.

"மெயில்ல வர்ற வேலை ஒரு லிஸ்டு அங்கிள். மீட்டிங்ல எழுதிக்கிறது இன்னொரு லிஸ்டு. ரெண்டும் ஒன்ன ஒன்னு பார்த்துக்கவே மாட்டேங்குது. உங்க காலத்துல இந்தத் தலைவலி இருந்திருக்காது லா" என்றாள்.

இருந்தது என்றேன். அதற்காக எனக்குத் தொண்ணூற்றிரண்டு நாள் பணி உறுதி தள்ளிப் போனது என்றும் சொன்னேன். அதை அப்படியே எழுதிக் கொடுங்கள், அலுவலக மலரில் போடுகிறோம் என்று கேட்டார்கள். எழுதுகிறேன். முன்பு எழுதியதெல்லாம் அலுவலகக் கடிதங்கள்தான். அந்த வாடை இதில் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சேர்ந்தது மலாயா சுதந்திரத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னால். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தட்டச்சு எட்டு மாதம் பழகினேன். நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொல். முதல் ஆண்டு முழுக்க உறை ஒட்டவும் கார்பன் தாள் அடுக்கவும்தான் விட்டார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கும் அலுவலகம் அது, மலாக்காவில் பண்டார் ஹிலிரில் இருந்தது. என் வீடு காஜா பேராங்கில். சைக்கிளில் ஆற்றுப் பாலம் தாண்டி இருபத்திரண்டு நிமிடம்; மழை என்றால் இருபத்தேழு.

அலுவலகத்தில் மூன்று பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். பொறியாளர் ஒரு வெள்ளைக்காரர். கோப்பில் பச்சை மையால் இரண்டு வரி எழுதுவார், அவ்வளவுதான். தலைமை எழுத்தர் அருளம்பலம் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர். பதிவறை பிள்ளையின் பொறுப்பில்.

பிள்ளை மலாக்காச் சிட்டி வகுப்பு, பல நூறு ஆண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய செட்டிகளின் வழிவந்தவர். வீடு காஜா பேராங்கில்தான், அவர்கள் குடியிருப்பான கம்போங்கில். நாங்கள் கும்பிடும் சாமியைத்தான் அவரும் கும்பிடுவார். விபூதி என்னைவிடப் பட்டையாக இருக்கும். ஆனால் தமிழ் வராது. அவர்கள் வீட்டு மொழி ஒரு மாதிரி மலாய். எனக்கும் அவருக்கும் பேச்சு மலாயில்தான். கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி அணிந்து, கையில் ரப்பர் விரலுறை மாட்டிக்கொண்டு, வந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். எண் போடுவார், பெயரை அட்டையில் எழுதி மரப்பெட்டியில் செருகுவார், பிறகு கோப்பின் முகப்பில் அதே பெயரை எழுதி என் தட்டில் வைப்பார்.

அருளம்பலம் ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் மேசையில் ஏழு பென்சில்கள் ஒரே நீளத்தில் இருக்கும். ஒன்று குட்டையானால் ஏழையும் மாற்றிவிடுவார். குரலை உயர்த்த மாட்டார். தாளைக் கை நீட்டித் தூரப் பிடித்துப் படிப்பார். படித்து முடிக்கும் வரை எதிரில் நிற்பவர் நிற்க வேண்டியதுதான். முடித்ததும் நீலப் பென்சிலின் அடிப்பக்கத்தால் கோப்பை ஒரு தட்டு தட்டுவார். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் திரும்ப எழுது. மூன்று தட்டு நான் இருந்த காலத்தில் நான்கு முறைதான் கேட்டிருக்கிறேன், அதில் ஒன்று எனக்கு.

அவருடைய சட்டம் ஒன்றே. "கடிதம் எங்கை?" என்பார். கடிதம் இல்லாமல் வாயால் வந்தது எதுவும் அவருக்கு வேலையே இல்லை. கடிதம் வந்தால் பொறியாளர் குறிப்பு எழுதுவார். நான் பதில் தட்டச்சு செய்வேன். அந்தக் கோப்பை மறுபடி எடுத்துப் பார்க்க ஒரு நாள் குறிப்போம். அதை நாங்கள் பி.யு. நாள் என்போம். என் மேசை நாட்குறிப்பில் அந்தந்தத் தேதிக்குக் கீழே கோப்பு எண்கள் வரிசையாக இருக்கும். காலையில் வந்ததும் அன்றைய எண்களைப் பார்த்து, பிள்ளையிடம் கோப்புகளை வாங்கி, ஐயா முன்னால் வைப்பேன். பதில் வந்திருந்தால் மேலே போகும், வராவிட்டால் மூடப்படும். இதுதான் தேவிகா சொல்லும் மின்னஞ்சல் பட்டியல்.

இன்னொரு பட்டியல் என் சட்டைப் பையில் இருந்தது. நம் ஆட்கள் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் அல்ல. அலுவலகத்தில் வேலை பார்க்கும் கிராணி (எழுத்தரை அப்படித்தான் சொல்வார்கள்) இரண்டு சந்து தள்ளிக் குடியிருக்கும்போது எதற்குக் கடிதம்? கோவிலில் சூடம் தொட்டுக்கொண்டிருக்கும்போது சொல்வார்கள். முடிதிருத்தும் கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்திருக்கும்போது சொல்வார்கள். "கிராணித் தம்பி, எங்க பைப்புல காத்துதான் வருது." "கிராணித் தம்பி, மீட்டர் சும்மாவே சுத்துது." நான் மறுக்கத் தெரியாதவன். பை நோட்டு ஒன்று வைத்து, பக்கத்துக்கு எண் போட்டு, தேதியோடு எழுதிக்கொள்வேன். சுதந்திரம் வந்த ஆண்டில் அது நான்காவது நோட்டு.

இரண்டு பட்டியலையும் நான் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்தேன். தட்டில் ஒரு தாள் தேங்கியதில்லை. நோட்டில் ஒரு பக்கம் விட்டுப் போனதில்லை. தட்டு அலுவலகத்துக்கு, நோட்டு ஊருக்கு என்று நினைத்திருந்தேன். ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஆண்டின் நடுவில், புதிதாகத் தெருக்குழாய் போடும் இடங்களின் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. பட்டியல் ஆண்டுக்கு ஒருமுறைதான். தவறினால் அடுத்த ஆண்டு. அதிலும் அந்த முறை பொறியாளர் ஊருக்குத் திரும்புகிறார். பதினொரு பெட்டிகள் ஏற்கெனவே கட்டித் தாழ்வாரத்தில் கிடந்தன. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் போனதுதான். வருகிற உள்ளூர்ப் பொறியாளர் எப்போது நாற்காலியில் உட்காருவார், பழைய பட்டியலில் கை வைப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. என் பணி உறுதி அறிக்கையும் அதே வாரம் அருளம்பலம் ஐயாவின் மேசையில் இருந்தது. பழுப்பு உறை. அவர் எழுந்து போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன்.

பட்டியல் கையெழுத்துக்குப் போவதற்கு முந்தைய நாள் மாலை, ஐந்தேகால் மணி இருக்கும். காஜா பேராங்கில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். எதிரே அஞ்சலை அக்கா வந்தார். இடியாப்பம் பிழிந்து விற்கிறவர். அவர் சந்தில் ஒரு கிணறு உண்டு. மழை இல்லாவிட்டால் நீர் கரித்துவிடும், மாவு பிசைய ஆகாது. மெயின் ரோட்டுக் குழாய் வரை நடந்து, தோளில் கம்பு வைத்து இரண்டு தகரத் தோங் வாளிகளில் தூக்கி வருவார். ஒருநாள் நான் எண்ணியிருக்கிறேன்: போக முன்னூற்றுப் பன்னிரண்டு காலடி. வரும்போது அடி சிறியதாகிவிடும், முன்னூற்றறுபதுக்குக் குறையாது. அந்தப் பங்குனியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்து, கட்டு அப்போதுதான் பிரித்திருந்தார்கள்.

"என்ன தம்பி, எங்க சந்துக்கு எப்ப பைப்பு வருது?"

"எழுதி வச்சிருக்கேன் அக்கா. பெட்டிஷன் ஒன்னு கொடுத்தாத்தான் மேல போகும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோர்ட்டு வாசல்ல பெட்டிஷன் எழுதுறவருகிட்ட சொல்லி எழுதிக் கொடுத்தேனே. உங்க ஆபீஸ்லேருந்து லெட்டர்கூட வந்துச்சு. கடை பாய் படிச்சுச் சொன்னாரு. எத்தன வீடு, எங்க போடுறதுன்னு கேட்டிருந்துச்சு. அதான் உங்ககிட்ட வந்து சொன்னேன். பதினேழு வீடு, மாமரத்தடின்னு. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. பக்கம் அறுபத்தொன்று, மேலிருந்து நான்காவது வரி. 'அஞ்சலை அக்கா சந்து. 17 வீடு. மாமரத்தடி, இடம் தர ஒப்புதல்.' பத்தோடு பதினொன்றாக வாயால் வந்த கோரிக்கை என்று நினைத்து எழுதியது.

"எந்த லெட்டர் அக்கா?"

இடியாப்பக் கூடையின் அடியில் விரித்திருந்த துணிக்குக் கீழிருந்து எடுத்துக் காட்டினார். எங்கள் அலுவலகத் தாள். கீழ் மூலையில் என் முதலெழுத்துகள். நான் அடித்த கடிதம். 'திரு. முனியாண்டி அவர்களுக்கு' என்று இருந்தது.

"எங்கப்பா பேருக்குல்ல அனுப்பியிருக்கீங்க" என்றார் அஞ்சலை அக்கா. "அவரு செத்துப் பதினாலு வருசம் ஆச்சு. கவர்மெண்டுக்கு அது தெரியாது போலன்னு பாய் சொன்னாரு. செத்தவங்களுக்கு வந்த லெட்டருக்குப் பதில் எழுதினா நல்லதில்லேன்னுதான் வாயால சொன்னேன்."

முனியாண்டி. இருநூற்றுப் பதினான்காம் கடிதம். அந்தக் கோப்பை நான் நன்றாக அறிவேன். பி.யு. நாளில் நானே எடுத்துக் கொண்டுபோய் ஐயா முன் வைத்தேன். பதில் வரவில்லை. "மூடும்" என்றார். நானே என் கையால் 'பதில் இல்லை, மூடப்பட்டது' என்று எழுதினேன். அப்போதும் கோப்பின் முகப்பைத்தான் படித்தேன். உள்ளே கடிதத்தின் அடியில் அஞ்சலை முனியாண்டி என்று பெருவிரல் ரேகைக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை அன்று நான் பார்க்கவில்லை. அன்று தட்டில் பத்தொன்பது கோப்புகள் இருந்தன. அது ஒரு சமாதானமே அல்ல, எண்ணிக்கைக்காகச் சொல்கிறேன்.

"என்ன தம்பி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒன்னுமில்ல அக்கா. நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் ஏழரைக்கே போய்விட்டேன். முதலில் பதிவறை. பிள்ளை அட்டைப் பெட்டியைத் திறந்து, எம் எழுத்தில் விரலை ஓட்டி, "சுடா துத்துப்" என்றார். மூடியாகிவிட்டது என்று. ஏன் முனியாண்டி என்று எழுதினீர்கள், எழுதியவர் அஞ்சலை அல்லவா என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. கடைசியில் வருவதுதானே குடும்பப் பெயர் என்றார். அவர்களுக்கு அப்படித்தான்; பிள்ளை, செட்டி, நாயக்கர் என்று தலைமுறை தலைமுறையாகக் கடைசியில் ஒரே பெயர் வரும். எங்களுக்குக் கடைசியில் வருவது அப்பாவின் பெயர், அவரோடு முடிந்துவிடும் என்று விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்படியானால் உங்களுக்கெல்லாம் குடும்பப் பெயரே கிடையாதா?" என்று மலாயில் கேட்டார். கேட்ட குரலில் அவ்வளவு இரக்கம். எனக்கே ஒரு கணம் எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருந்தது.

பட்டியல் பத்து மணிக்குப் பொறியாளரிடம் போகிறது. ஐயா எட்டு மணிக்கு வருவார். அந்த இருபது நிமிடம் நான் தாழ்வாரத்தில் பெட்டிகளுக்கும் படிக்கட்டுக்கும் இடையே நடந்தேன். ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாம். விதிப்படி கோப்பு சரியாகத்தான் மூடப்பட்டிருக்கிறது. யாரும் என்னைக் கேட்க முடியாது. அடுத்த ஆண்டு புதிய கடிதம் எழுதச் சொன்னால் குழாய் வந்துவிடும். பழுப்பு உறையும் நல்லபடியாகப் போய்விடும். ஆனால் ஒரு ஆண்டில் எத்தனை நடை என்று மனம் தானாகவே பெருக்கத் தொடங்கியது. நாளைக்கு ஆறு நடை. விடை வருவதற்கு முன் ஐயாவின் குடை வாசலில் தெரிந்தது.

கோப்பையும் நோட்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

"ஐயா, இருநூற்றுப் பதினாலுக்குப் பதில் வந்திருக்கிறது."

"கடிதம் எங்கை?"

"கடிதம் இல்லை ஐயா. வாயால் சொன்னார். என் நோட்டில் இருக்கிறது."

அவர் நோட்டைக் கை நீட்டித் தூரப் பிடித்தார். அறுபத்தோராம் பக்கத்தைப் படித்தார். பிறகு அதற்கு முந்தைய பக்கங்களைப் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக. நான் நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் பதினான்கு நிமிடம் போயிற்று. ஓரிடத்தில் மட்டும் உதடு லேசாக அசைந்தது; முடிதிருத்தும் கடை மீட்டர் விஷயமாக இருக்க வேண்டும்.

"உது எவ்வளவு காலமா நடக்குது?"

"நாலாவது நோட்டு ஐயா."

"நாலு நோட்டு. ஒரு அலுவலகத்தை நீர் தனியாச் சட்டைப் பைக்குள்ள நடத்தியிருக்கிறீர் காணும். பெரிய கிராணி ஆர்? நானோ, நீரோ?"

அவர் மறுபடி அறுபத்தோராம் பக்கத்துக்குத் திருப்பினார்.

"சொன்ன தேதி போட்டிருக்கிறீர். பி.யு. நாளுக்கு ஒன்பது நாள் முந்தி. அப்ப பதில் காலத்தோட வந்திட்டுது. வராமல் விட்டது பதில் இல்லை, நீர்." நீலப் பென்சிலைத் திருப்பி மூன்று முறை தட்டினார். "கடிதத்தை வாசிச்சனீரோ?"

"முகப்பைத்தான் வாசித்தேன் ஐயா."

"நானும் முகப்பைத்தான் வாசிச்சனான்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு வேண்டிய அவசியம் இல்லை. சொல்லிவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

என் நோட்டில் எண்ணிட்ட பக்கங்கள் நூற்றிருபது. ஒன்றுகூடக் கிழிந்தது இல்லை. அவர் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்து, அறுபத்தொன்றை வெட்டினார். எனக்கு நகத்தை வெட்டும்போது சதை பட்டது போல இருந்தது. பக்கத்தை வெள்ளைத் தாளில் ஒட்டினார். மேலே அலுவலக முத்திரையைக் குத்தி, வந்த தேதி என்று நான் எழுதியிருந்த தேதியையே எழுதி, அதற்கு ஒரு எண் போடச் சொல்லிப் பிள்ளையிடம் அனுப்பினார். வாயால் வந்த ஒரு சொல்லுக்கு எங்கள் அலுவலகத்தில் எண் விழுந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு தட்டச்சு செய்த பட்டியலை எடுத்தார். பதினொரு இடங்கள். அடியில் தம் அழகான கையெழுத்தில் பன்னிரண்டு என்று எழுதி, காஜா பேராங் சந்தைச் சேர்த்தார். கோப்பையும் பட்டியலையும் தாமே எடுத்துக்கொண்டு பொறியாளர் அறைக்குப் போனார். வெளியே வரும்போது பன்னிரண்டாம் எண்ணுக்குப் பக்கத்தில் பச்சை மையில் சிறிய கையொப்பம் இருந்தது.

நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பழுப்பு உறையை எடுத்தார்.

"உம்முடைய அறிக்கையை மூன்று மாதம் பிந்தி அனுப்புறன். குழாய் காத்திருக்க வேண்டாம். நீர் காத்திரும். அதுக்குள்ள உந்த ரெண்டு பட்டியலையும் ஒண்டாக்க ஒரு வழி பாரும்."

அது நியாயம்தானா என்று இன்றும் சில நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாதாடிப் பார்க்கிறேன். அவரும் முகப்பைத்தானே வாசித்தார். ஆனால் வழியை நான் கண்டுபிடித்தேன். அது சின்ன வழி. நோட்டில் வாயால் வந்தது எதை எழுதினாலும் இடது ஓரத்தில் ஒரு கட்டம். பத்து மணிக்குள் அட்டைப் பெட்டியில் தேடி, அதோடு சேர்ந்த கடிதம் இருந்தால் அதன் எண்ணைக் கட்டத்தில் எழுதுவேன்; கோப்பின் முகப்பில் நோட்டின் பக்க எண்ணை எழுதுவேன். கடிதம் இல்லாவிட்டால் அந்தக் குறிப்பையே ஒரு தாளில் அடித்து, முத்திரை குத்தி, கடிதமாக்கிவிடுவேன். கட்டம் காலியாக இருந்தால் அன்று வீட்டுக்குப் போவதில்லை. பிள்ளையும் நானும் பேசி, நம் ஆட்களுக்கு மட்டும் மூன்று அட்டை போட்டோம்: சொந்தப் பெயருக்கு ஒன்று, அப்பா பெயருக்கு ஒன்று, சந்துக்கு ஒன்று. பெட்டி கொள்ளாமல் இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. குடும்பப் பெயர் இல்லாதவர்களால்தான் இந்தச் செலவு என்று பிள்ளை ஓய்வுபெறும் நாள் வரை என்னைக் கேலி செய்தார்.

முப்பத்தொரு ஆண்டுகள் அப்படித்தான் வேலை செய்தேன். தேவிகா தன் கைப்பேசியில் காட்டியதும் அதே கட்டம்தான். அதில் விரல் வைத்தால் கடிதத்துக்கே தாவிப் போகிறது. எனக்குப் பத்து மணி வரை ஆகும்.

குழாய் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு, மாரி தொடங்குவதற்கு முன். முதல் நாள் காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில் சந்துக்குள் சைக்கிளைத் திருப்பினேன். மாமரத்தடியில் சிமெண்டு மேடை, பித்தளைத் திருகு. பெண்கள் சிரிப்பும் சண்டையுமாக வரிசையில் நின்றார்கள். வீட்டுக்கு ஒரு தோங் என்று அவர்களாகவே வைத்திருந்தார்கள். நான் எண்ணினேன். பதினெட்டு இருந்தது. மறுபடி எண்ணினேன்.

"அக்கா, பதினேழு வீடுன்னுதானே சொன்னீங்க? பதினெட்டு தோங் இருக்கே."

அஞ்சலை அக்கா கடைசியில் நின்றிருந்தார். நல்ல கையால் தம் தோங்கை முன்னால் நகர்த்தினார்.

"ஊருக்குன்னு கேட்கும்போது சொந்த வீட்டையுமா எண்ணுவாங்க? நல்ல ஆளு தம்பி நீங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, சைக்கிளைச் சாய்த்து வைத்து நோட்டை எடுத்தேன்.

அலுவலகப் பதிவேட்டில் இருநூற்றுப் பதினான்குக்கு எதிரே வீடுகள் 17 என்று இருந்ததைச் சிவப்பு மையால் அடித்து 18 என்று எழுதினேன். திருத்தத்துக்குப் பெரிய கிராணியின் கையெழுத்து வேண்டும். பதிவேட்டைக் கொண்டுபோய் விரித்து வைத்தேன். அருளம்பலம் ஐயா கை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"ஆதாரம்?"

"நோட்டு, பக்கம் தொண்ணூற்று நான்கு ஐயா."

நோட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. பேனாவைத் திறந்து திருத்தத்தின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பென்சிலால் ஒரு தட்டு தட்டினார்.